‘நெகட்டிவ்’ என்று எழுதியிருந்தால் நல்ல செய்தியா, டாக்டர்?

பேராக் மாநிலத்தின் தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றிலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் தம் தம்பியைப் பற்றி எழுதிய கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

தம்பிக்கு வயது 23. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தபின் செம்பனை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். எந்த வம்புக்கும் போகாதவர். சில மாதங்களுக்கு முன் அவருடைய தூக்கம் குறையத் தொடங்கியது. உடன் வேலை செய்பவர்கள் வாக்கி-டாக்கியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். பிறகு, வீட்டில் தனியாக இருக்கும்போதும் அதே குரல்கள் கேட்பதாகச் சொன்னார். ஒருநாள் கைப்பேசியிலிருந்து சிம் கார்டைக் கழற்றி, மைலோ டின்னில் போட்டு மூடி, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, “இனிமேல் அவர்களுக்குக் கேட்காது” என்றாராம். ஆறு வாரம் இப்படிப் போனது. கடைசியில் சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளி, தடுக்க வந்த தந்தையையும் தள்ளிவிட்டார். அரசு கிளினிக்குக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கும் போனார்கள். தம்பி வார்டில் தங்க மறுத்ததால் அக்காவே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்துத் தம்பி வீடு திரும்பினார். கூடவே ஆங்கிலத்தில் கையால் எழுதிய ஒரு தாளும் வந்தது.

கடிதத்தின் பெரும்பகுதி அந்தத் தாளைப் பற்றியதுதான். இரவில் எல்லோரும் உறங்கியபின் இவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடியிருக்கிறார். ‘நெகட்டிவ்’ என்று இரண்டு இடத்தில் இருப்பதால் நோய் இல்லை என்று உறவினர்கள் மகிழ்ந்தார்கள். ‘6/52’ என்பதை 52-க்கு 6 மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘டினைஸ்’ என்றால் தம்பி பொய் சொல்வதாக மருத்துவர் எழுதிவிட்டார் என்றும், ‘இன்சைட் புவர்’ என்றால் அறிவு குறைவு என்றும், ‘கே.ஐ.வி. டெப்போ’ என்றால் அடுத்த முறை அவரை ஏதோ ஒரு டெப்போவில் அடைத்துவிடுவார்கள் என்றும் வீட்டில் பேச்சு. தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் உறவினர் ஒருவர், இது இரட்டை ஆள் நோய், ஆயுளுக்கும் தீராது என்று சொல்லியிருக்கிறார். ‘டி.சி.ஏ.’ என்ற மருந்து இதயத்தைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்த அக்கா, மூன்று வாரமாகத் தம்பியின் மாத்திரையைப் பாதியாக வெட்டித் தருகிறார். கோயிலில் மந்திரித்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்பது அம்மாவின் கட்சி. கையெழுத்திட்டுத் தம்பியின் பெயரில் போலீஸ் கேஸ் போல ஒன்றை உண்டாக்கிவிட்டேனா, அவன் வேலை என்ன ஆகும், அவனை ஊனமுற்றோர் என்று பதிந்துவிடுவார்களா என்பவை அக்காவின் மீதிக் கேள்விகள்.

அன்புச் சகோதரி,

தாளில் உள்ளதை வரிக்கு வரி பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு திட்டமாக என்னால் பதில் சொல்ல முடிகிறது. ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: அது உங்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அல்ல. வார்டில் பார்த்த மருத்துவர், அடுத்துக் கிளினிக்கில் பார்க்கப்போகும் மருத்துவருக்கு எழுதிய குறிப்பு. அதில் உள்ள சொற்களில் பாதி, வெளியே ஒரு பொருளும் எங்கள் துறைக்குள் வேறு பொருளும் உடையவை. அதை விளக்கிச் சொல்லாமல் குடும்பத்தார் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதல்ல. ஆங்கிலம் படித்தவர்களே இந்தச் சொற்களில் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், உங்களுக்குப் புரியாமல் போனதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், தேதி

‘டி.சி.ஏ. 6/52’ என்பதில் மருந்தும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. மலேசிய மருத்துவமனைகளில் டி.சி.ஏ. என்பது ‘மீண்டும் வர வேண்டும்’ என்பதற்கான ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆண்டுக்கு 52 வாரம் என்பதால், கோட்டுக்குக் கீழே 52 இருந்தால் மேலே உள்ள எண் வாரத்தைக் குறிக்கும்; கீழே 12 இருந்தால் மாதம்; 7 இருந்தால் நாள். ஆக, வீடு திரும்பிய நாளிலிருந்து ஆறாவது வாரம் தம்பி மனநலப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதுதான் அந்த வரி. நீங்கள் இணையத்தில் படித்தது வேறு. மனச்சோர்வுக்குத் தரப்படும் ட்ரைசைக்ளிக் என்னும் பழைய மருந்து வகைக்கும் அதே மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு. அந்த மருந்து அளவு மீறினால் இதயத்துடிப்பைக் குலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தம்பிக்குத் தரப்படவே இல்லை.

அடுத்து வர வேண்டிய தேதியைக் குறித்த அட்டையைத் தம்பி கிழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதில் வெளியாகும்போது அந்த ஆறு வாரம் நெருங்கியிருக்கும், அல்லது கடந்தே போயிருக்கும். மருத்துவமனையின் பொது எண்ணை அழைத்து, மனநலப் பிரிவுக்கு இணைக்கச் சொல்லி, தம்பியின் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தேதியைச் சொல்லிவிடுவார்கள். நாள் தப்பியிருந்தால் கோப்பில் ‘டிஃபால்டட்’ என்று குறித்திருப்பார்கள். கடன் கட்டாதவரைச் சொல்வது போலக் காதில் விழும் அந்தச் சொல்லுக்கு, குறித்த நாளில் வரவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. அதற்காக யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் 5 வெள்ளிதான் கட்டணம்.

மாத்திரையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல்

தாளில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராம், ‘ஓ.என்.’, இதற்கு ஒவ்வோர் இரவும் என்று பொருள். பென்ஸ்ஹெக்ஸால் 2 மில்லிகிராம், ‘பி.ஆர்.என்.’, இதற்குத் தேவைப்படும்போது மட்டும் என்று பொருள். நீங்கள் செய்துவந்தது நேர்மாறாக இருக்கிறது. தினமும் முழுதாகத் தர வேண்டியதைப் பாதியாக்கிவிட்டு, தேவைக்கு மட்டும் தர வேண்டியதைத் தூக்க மாத்திரை என்று நினைத்து அம்மா தினமும் தருகிறார். பென்ஸ்ஹெக்ஸால் தூக்கத்துக்கானதல்ல, ரிஸ்பெரிடோனால் தசை இறுகினாலோ கை நடுங்கினாலோ அதைத் தளர்த்துவதற்கானது. காரணமில்லாமல் தினமும் எடுத்தால் வாய் உலரும், மலம் கட்டும், பார்வை மங்கும். அளவு கூடினால் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். இன்றிரவே மருத்துவர் எழுதியபடி கொடுங்கள் என்று நான் இங்கிருந்து சொல்வதைவிட, நாளைக் காலையில் மனநலப் பிரிவையோ உங்கள் ஊர் அரசு கிளினிக்கின் மருந்தகத்தையோ அழைத்து, மூன்று வாரமாகப் பாதிதான் கொடுத்தோம் என்று உள்ளபடி சொல்லி, முழு அளவுக்கு எப்படித் திரும்புவது என்று கேட்டுக்கொள்வதுதான் முறை. இதற்காக உங்களை யாரும் திட்டக் கூடாது. திட்டினாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குரல்கள் நின்றுவிட்டன, தம்பி சாப்பிடுகிறார், தூங்குகிறார், இனி மாத்திரை எதற்கு என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். குரல்கள் நின்றிருப்பதே மருந்தின் வேலையால்தான் இருக்கக்கூடும். மனச்சிதைவு நோயும் அதை ஒட்டிய நோய்களும் முதன்முறை வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கானது. எவ்வளவு காலம் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவர் தம்பியோடு பேசித்தான் முடிவு செய்வார். முதல் முறை நோய் கண்டவர்களுக்கு அது பொதுவாக ஓராண்டுக்குக் குறையாது. நிறுத்தும் காலம் வந்தாலும் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

மருந்தின் தொல்லைகளையும் மறைக்கப் போவதில்லை. உடல் எடை கூடும்; சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரையும் கூடும். நம் வீடுகளில் நீரிழிவு சாதாரணம் என்பதால், எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். சிலர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் முன்னும் பின்னும் நடப்பார்கள். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது மருந்தின் விளைவாக இருக்கலாம். இளைஞர்களுக்குத் தாம்பத்திய உணர்விலும் ஆண்மையிலும் குறை தென்படுவதுண்டு. தம்பி இதை அக்காவிடம் சொல்லமாட்டார்; சொல்லாமலே ஒருநாள் மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டிவிடுவார். ஆகவே அடுத்த முறை அவர் மருத்துவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச இடம் கொடுத்து, நீங்கள் வெளியே உட்காருங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு.

இரண்டு நிலைகளில் நேரத்தை வீணாக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒன்று: கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், தாடை கோணும், கண்விழிகள் மேலே செருகி நிற்கும். இது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. சரியான ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே விலகிவிடும். நம் தோட்டங்களில் இப்படி விழி செருகிய பிள்ளைகளைச் சாமி வந்துவிட்டது, காத்து அடித்துவிட்டது என்று இரவெல்லாம் கோயிலில் உட்காரவைத்த கதைகள் எங்கள் வார்டுகளில் புதிதல்ல. மாத்திரையே பேயை உள்ளே விட்டது என்று அந்தக் குடும்பங்கள் முடிவுகட்டி மருந்தை நிறுத்திவிடுவதுதான் அதில் பெரிய இழப்பு. இரண்டு: கடுங்காய்ச்சலோடு உடல் மரக்கட்டையாக இறுகி, வியர்த்து, பேச்சு குழறினால் அது அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. அப்போது மாத்திரையைத் தராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

‘கே.ஐ.வி. டெப்போ’ என்பதைக் கண்டு அம்மா அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். குடிநுழைவுத் துறை ஆட்களைப் பிடித்து வைக்கும் டெப்போவைச் செய்தியில் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பயம் இயல்பு. இங்கே டெப்போ என்பது ஓர் ஊசி. தசையில் போட்டால் மருந்து சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்து இரண்டு வாரமோ நான்கு வாரமோ வேலை செய்யும். தினமும் மாத்திரையை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு உதவுவது. கே.ஐ.வி. என்றால் ‘தேவைப்பட்டால் பிறகு யோசிக்கலாம்’. ஷிப்ட் மாறிமாறி வேலை செய்யும் உங்கள் தம்பிக்கு அது ஒத்துவரக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

ஒரே தாளில் இரண்டு ‘நெகட்டிவ்’

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் ‘நெகட்டிவ்’ என்றாலே பெருமூச்சு விடப் பழகிவிட்டோம். உங்கள் தாளில் ‘யூ.டி.எஸ். நெகட்டிவ்’ என்பது அந்த வகை: சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனை செய்தார்கள், தேடியவை எதுவும் தென்படவில்லை. கஞ்சாவும் சியாபு என்னும் போதைப்பொருளும் இதே போன்ற அறிகுறிகளை உண்டாக்கும் என்பதால் இந்தச் சோதனை வழக்கமானது. தம்பியின் மேல் சந்தேகப்பட்டுச் செய்ததாக எண்ண வேண்டாம்.

அடுத்த வரியில் உள்ள ‘நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்’ முற்றிலும் வேறு. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடந்ததாக நம்புவது போல, இயல்புக்கு மேலாக வந்து சேர்ந்தவற்றைப் பாசிட்டிவ் அறிகுறிகள் என்கிறோம். இயல்பாக இருந்து இப்போது குறைந்துபோனவை நெகட்டிவ் அறிகுறிகள்: பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி தெரியாதிருப்பது, குளிக்கவோ நண்பர்களைப் பார்க்கவோ உந்துதல் இல்லாதிருப்பது. ஆகவே உறவினர்கள் கொண்டாடிய அந்த வரிதான் கூடுதல் கவனம் கேட்கும் வரி.

இதை அறிந்தால் வீட்டில் ஒரு சண்டை குறையும் என்று நினைக்கிறேன். ‘மருந்து குடித்தும் எருமை மாதிரிக் கிடக்கிறான்’ என்று அப்பா கத்துவதாக எழுதியிருந்தீர்கள். மருந்துகள் குரல்களை அடக்குமளவுக்கு இந்தச் சோர்வை அகற்றுவதில்லை. மருந்தின் மயக்கமும், நடந்ததை நினைத்து வரும் மனச்சோர்வும் கூட இதே உருவில் தெரியலாம்; எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அதுவரை சோம்பேறித்தனம் என்ற பேச்சை விட்டுவிட்டு, காலையில் ஒரு சிறு வேலை, மாலையில் ஒரு நடை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மென்டாரி என்ற பெயரில் சுகாதார அமைச்சு நடத்தும் சமூக மனநல மையங்களில் இத்தகைய பயிற்சியும் வேலைக்குத் திரும்ப வழிகாட்டலும் உண்டு. உங்கள் வட்டாரத்துக்கு எது அருகில் என்பதை மனநலப் பிரிவில் சொல்வார்கள்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ‘டினைஸ் எஸ்.ஐ.’ என்றால், தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார் என்று பொருள். மருத்துவக் குறிப்பில் இல்லை என்ற பதிலை எழுதும் வழக்கமான வாய்பாடு அது. பொய் என்ற குற்றச்சாட்டு அதில் துளியும் இல்லை. ‘அக்யூட்’ என்பது கடுமையைச் சொல்லவில்லை, குறுகிய காலத்தில் வந்தது என்பதைச் சொல்கிறது. சொல்லப்போனால், மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வருவதைவிட இப்படிச் சட்டென்று வருவது நல்ல அறிகுறி. ‘இன்சைட் புவர்’ என்பதற்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. தனக்கு நேர்வது நோயால் என்ற உணர்வு அப்போது அவருக்கு இல்லை என்பதே பொருள். பேராசிரியருக்கும் இப்படி எழுதப்படும். நோயே அந்த உணர்வைப் பறிப்பதால்தான், வாதாடி அவரை ஒப்புக்கொள்ள வைக்க முடிவதில்லை. “ஒருவரும் பேசவில்லை, உனக்குப் பைத்தியமா?” என்பதைவிட, “எனக்கு அது கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரிகிறது” என்பது அவரிடம் போய்ச் சேரும்.

நோயின் பெயர்

தாளில் ‘ப்ரோவிஷனல் டயக்னோசிஸ்: ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம் டிஸார்டர்’ என்றுதான் இருக்கிறது, ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று இல்லை. முதல் சொல்லுக்குத் தற்காலிகமானது என்று பொருள். இரண்டு நோய்களுக்கும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிப்பது முக்கியமாகக் காலம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 வகைப்பாட்டின்படி, நோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் இருந்தால் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம். ஆறு மாதத்தைத் தாண்டினால்தான் மனச்சிதைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. வகைப்பாடு மனச்சிதைவு என்று சொல்ல ஒரு மாதமே போதும் என்கிறது. ஆகவே நாளை வேறொரு மருத்துவர் ஐ.சி.டி.யைப் பின்பற்றி மனச்சிதைவு என்று எழுதினால், தம்பியின் நிலை ஒரே வாரத்தில் மோசமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் மாறியிருக்கிறதா, தம்பியின் நிலை மாறியிருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

இது எதில் போய் முடியும் என்பதற்கு நேரான பதில்: டி.எஸ்.எம்.-5 தரும் கணக்கில், இந்தப் பெயர் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆறு மாதத்துக்குள் குணமடைகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் மனச்சிதைவு அல்லது அதற்கு நெருங்கிய நோய் உறுதியாகிறது. நோய்க்கு முன் நன்றாகப் படித்து வேலை செய்து பழகியவர் என்பதும், மாற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே நோய் வெளிப்பட்டதும் தம்பிக்குச் சாதகமானவை. நெகட்டிவ் அறிகுறிகள் இருப்பது பாதகமானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்று எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய முடியாது. மருத்துவர் ‘தற்காலிகம்’ என்று எழுதியது நேர்மையான செயல். மனச்சிதைவு என்றே உறுதியானாலும், ஆயுளுக்கும் தீராது என்று தாதி உறவினர் சொன்னது அப்படியே சரியல்ல. மருந்தோடு வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி வாழ்பவர்களை எங்கள் கிளினிக்குகளில் தினமும் பார்க்கிறோம். அவர்கள் நன்றாக இருப்பதால் ஊருக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இரட்டை ஆள் என்பதும் தவறு. சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜென் ப்ளாய்லர் 1908-இல் இந்த நோய்க்குப் பெயரிட்டபோது, எண்ணமும் உணர்வும் ஒன்றோடொன்று இணையாமல் பிரிந்து நிற்பதையே மனதில் வைத்திருந்தார். ஓர் உடலில் இரண்டு ஆட்கள் என்று திரைப்படங்கள் காட்டுவது வேறொரு நோய். அதேபோல், ‘சைக்கோசிஸ்’ என்ற சொல்லைப் பார்த்து ஊரில் தம்பியைச் ‘சைக்கோ’ என்கிறார்களாம். நடப்புக்கும் கற்பனைக்கும் இடையிலான கோடு மனத்தில் அழிந்துபோகும் நிலைதான் சைக்கோசிஸ். அவர்கள் நினைக்கும் ஈவிரக்கமற்ற கொலைகாரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவைத் தள்ளியது பயத்தில். சாப்பாட்டில் விஷம் என்று முழுதாக நம்பும் ஒருவர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

நீங்கள் இட்ட கையெழுத்தும், வேலையும், அட்டையும்

நீங்கள் கையெழுத்திட்டது 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 10-ஆவது பிரிவுக்கான விண்ணப்பமாக இருக்க வேண்டும். அவசரச் சிகிச்சை தேவைப்படும் நோயாளி அதை மறுத்தால், இந்தப் பிரிவின்படி உறவினரின் விண்ணப்பமும் நேரில் பார்த்த மருத்துவரின் பரிந்துரையும் சேர்ந்தால்தான் சேர்க்க முடியும். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அதன் பேரில் ஒரு மாதம் வரைதான் வைத்திருக்கலாம். ‘செக்‌ஷன்’ என்ற சொல் நமக்குப் போலீஸ் நிலையத்தை நினைவூட்டினாலும், இது குற்றப் பதிவு அல்ல, நீதிமன்றத்துக்கும் போகவில்லை. தம்பிக்கு உங்கள் மேல் கோபம் இருப்பது இயல்பு. “அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தப் பேச்சைத் தொடராதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை, மருத்துவ விடுப்புச் சீட்டில் நோயின் பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. தம்பியின் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை அவரது விவரத்தை முதலாளியிடம் தரவும் கூடாது. வேலைச் சட்டம் 1955-இன்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. சாதாரண மருத்துவ விடுப்பு தனி. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆலையில் கொதிகலன், கன்வேயர் பக்கம் வேலை என்றால், மருந்தின் தூக்கக் கலக்கம் தெளியும்வரை திரும்பக் கூடாது. இரவு ஷிப்டைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவரிடம் ஒரு சிறு கடிதம் கேட்டு வாங்கலாம். தூக்கம் கெடுவது இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. அந்தக் கடிதத்திலும் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை.

ஊனமுற்றோருக்கான ஓ.கே.யு. அட்டை தானாக வருவதில்லை. விருப்பமுள்ளவர் சமூக நலத் துறையில் விண்ணப்பித்துப் பெறுவது அது. மனநலப் பிரிவில் பதிய, குறைந்தது இரண்டு ஆண்டு மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. ஆகவே இன்று அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

அம்மாவிடம் பேசும் விதம்

கோயிலா மாத்திரையா என்று அம்மாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவர் கோயிலைத்தான் எடுப்பார். அப்படிக் கேட்காதீர்கள். முனீஸ்வரருக்குப் பொங்கலிடுவதையும் கையில் கயிறு கட்டுவதையும் எந்த மருந்தும் தடுக்கவில்லை. நான் வேண்டாம் என்பவை சில உண்டு: அடித்து விரட்டுவது, சாம்பிராணிப் புகையில் மூச்சுமுட்ட உட்காரவைப்பது, இரவு கண்விழிக்க வைப்பது, பூசைக்கென்று சாராயம் கொடுப்பது, விரதம் என்று மாத்திரையை நிறுத்துவது. மந்திரிப்பவர் இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் வீட்டுக்கு அழைத்துவந்துவிடுங்கள். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று அப்பா ஏசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே 1911-இல் தொடங்கிய மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது. பேராக்கில் பிறந்த நமக்கு அந்த ஊர்ப் பெயர் வசையாகிப்போனதால்தான் எத்தனையோ பேர் காலம் கடந்து சிகிச்சைக்கு வருகிறார்கள்.

மீண்டும் இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருந்தாலோ, உணவில் சந்தேகம் திரும்பினாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, குரல்கள் இதைச் செய் அதைச் செய் என்று கட்டளையிடுவதாகச் சொன்னாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்களுக்கே தாங்க முடியாமல் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும், மீதமுள்ள மாத்திரைகளையும், எந்தெந்த நாள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். தாளில் புரியாத இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்து, தம்பியையே கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு வயது 23. தாளில் எழுதியிருப்பதும் அவரைப் பற்றித்தான். தமிழில் விளக்கக்கூடிய தாதியோ மருத்துவ அதிகாரியோ இருக்கிறார்களா என்று பதிவு முகப்பில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.